டொல்பின் வானை மோட்டார் வீடாக்குதல்: 1973ஆம் ஆண்டின் ஜீஎம்சி வண்டி சொல்லித் தந்த முறையில் ஒரு முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணம் கொக்குவிலில் ஒரு கராஜின் பின்வளவில், வேப்பமரத்து நிழலில், ஞாயிறு பிற்பகல்களில் நாங்கள் நாலைந்து பேர் கூடுவது வழக்கம். ஒருவர் மொறிஸ் மைனர் வைத்திருக்கிறார், இன்னொருவர் ஒஸ்ரின் ஏ40 வைத்திருக்கிறார், மற்றவர்கள் அவற்றின் கீழே படுத்து எழும்புவதற்காகவே வருகிறவர்கள். இரண்டு வருடமாக அங்கே அதிகம் கதைக்கப்பட்ட வாகனம் நாங்கள் ஒருவரும் நேரில் காணாத ஒன்று: அமெரிக்காவில் 1973 முதல் 1978 வரையான மாதிரி ஆண்டுகளில் கட்டப்பட்ட ஜீஎம்சி மோட்டார் வீடு, அதாவது படுக்கவும் சமைக்கவும் வசதியுள்ள, ஓடும் வீடு. ரொறன்ரோவிலிருந்து மச்சான் ஒருவர் அனுப்பிய படங்களை முதன்முதலில் பார்த்தபோது, அது ஐம்பது வருடத்துக்கு முந்திய வண்டி என்பதை எங்களில் ஒருவரும் நம்பவில்லை.

1972 மே மாத இறுதியில், வாஷிங்டனுக்கு அருகே டலஸ் விமான நிலையத்தில் நடந்த போக்குவரத்துக் கண்காட்சியில் அது பொதுமக்களுக்குக் காட்டப்பட்டது. 23 அடி, 26 அடி என இரண்டு நீளங்களில், ஏறத்தாழ 13,000 வண்டிகள் கட்டப்பட்டன. அந்தக் காலத்து மற்ற மோட்டார் வீடுகள் லொறிச் சசியின் மேல் பெட்டியொன்றைத் தூக்கி வைத்தவை போல உயர்ந்து நிற்க, இது மட்டும் தரையோடு ஒட்டி, வளைந்த பெரிய கண்ணாடிகளுடன், நாளைக்கு வரப்போகும் வண்டி போல நின்றது. படங்களைப் பார்ப்பவர்கள் அந்த உருவத்தைத்தான் புகழ்கிறார்கள். நாங்கள் பல ஞாயிறுகள் கதைத்து விளங்கிக்கொண்டது வேறு. ஒல்ட்ஸ்மொபைல் ரொறனாடோ காரின் எஞ்சினும் (தொடக்கத்தில் 7.5 லீற்றர்) கியர்ப்பெட்டியும் முன்சக்கரங்களையே இழுக்கும்படி வைக்கப்பட்டதால், எஞ்சினின் விசையைப் பின்னச்சுக்குக் கொண்டுபோகும் தண்டு இல்லை. பின்புறத்தில் பக்கத்துக்கு இரண்டு சிறிய சக்கரங்கள் ஒன்றன் பின் ஒன்றாகத் தனித்தனிக் கைகளில் தொங்கி, நடுவே ஒரு காற்றுப் பையால் தாங்கப்பட்டதால், குறுக்கே அச்சும் இல்லை. தண்டும் அச்சும் இல்லாத இடத்தில் தளத்தைத் தாழ்த்த முடிந்தது. தளம் தாழ்ந்ததால், வெளியே ஏறத்தாழ எட்டு அடி உயரம் மட்டுமே உள்ள வண்டிக்குள் ஆள் நிமிர்ந்து நிற்க முடிந்தது. சாதாரண கண்ணுக்கு அழகாகத் தெரிவது, கீழே உள்ள ஒழுங்கின் விளைவு.

ஆகவே இந்த வழிகாட்டி திரைச்சீலையிலும் மெத்தையிலும் தொடங்கவில்லை. வாகனத்தின் அடியிலிருந்து மேலே வருகிறது. எங்கள் கையில் கிடைப்பது ஜீஎம்சி அல்ல, டொயோட்டா ஹைஏஸ் டொல்பின் வான். இருந்தாலும் வேலையின் வரிசை ஒன்றுதான்.

வாகனத்தைத் தெரிவு செய்தல்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 தொடக்கத்திலேயே மீண்டும் திறக்கப்பட்டதால், பழைய வான்களுக்கு இன்னமும் நல்ல விலை சொல்லப்படுகிறது. அந்த விலையைப் பார்த்து மலைத்து, மலிவான ஒன்றை எடுப்பது கூடாது. மலிவில் மிச்சம் பிடித்த காசு முழுவதும் ரிங்கரிங் எனப்படும் தகட்டு வேலைக்குப் போய்விடும்.

1989இல் வந்து 2004 வரை தொடர்ந்த டொல்பின் உடலை நான் சொல்வதற்கு மூன்று காரணங்கள் உண்டு. உதிரிப்பாகம் யாழ்ப்பாணத்திலேயே கிடைக்கும். 2.4 லீற்றர், 2.8 லீற்றர் டீசல் எஞ்சின்களைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டக்கூடிய மெக்கானிக்மார் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். மூன்றாவது, உயர்ந்த கூரையுடன் வந்த வகை உண்டு. ஜீஎம்சியைப் போலத் தளத்தைத் தாழ்த்த எங்களால் இயலாது, ஏனெனில் டொல்பினின் தண்டு பின்னச்சு வரை போகிறது. அப்படியானால் உயரத்தை மேலேதான் தேட வேண்டும். சாதாரண கூரையை வெட்டி பைபர் கூரை பொருத்தும் வேலையை நான் சிபாரிசு செய்யமாட்டேன். கூரை வளையங்களை வெட்டியவுடன் உடலின் உறுதி குலைகிறது, உச்சியில் பாரமும் ஏறுகிறது. கூடுதலாகத் தேடினாலும் தொழிற்சாலையிலிருந்தே உயர்கூரையுடன் வந்த வானை எடுங்கள்.

அடியைப் பார்த்தல்

எங்களில் மூத்தவரான மெக்கானிக் ஐயா எனக்கு முதல் நாள் சொன்னது இதுதான்: "தம்பி, உள்ளுக்கு ஏறாதையும். முதல் கீழ படுத்துப் பாரும்."

வான் பார்க்கப் போகும்போது ஒரு சாக்கு, ஒரு டோர்ச், ஒரு தட்டை ஸ்குறூ டிறைவர், துணியில் சுற்றிய ஒரு சிறு காந்தம் ஆகிய நான்கையும் கொண்டுபோங்கள். காந்தத்தைக் கதவுகளின் அடிப்பகுதியிலும் பின்சக்கர வளைவுகளிலும் மெல்ல இழுத்துச் சென்றால், தகடு உள்ள இடத்தில் ஒட்டும். பள்ளத்தை மறைக்கப் பட்டி எனப்படும் பசையைத் தடித்துப் பூசிய இடத்தில் நழுவும். சாக்கை விரித்துக் கீழே போனதும், ஸ்குறூ டிறைவரின் பிடியால் நடைபடியின் அடித்தகட்டைத் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். உள்ளே துருப்பிடித்தது நனைந்த மட்டையில் தட்டியது போல் மந்தமாக ஒலிக்கும். அப்படி ஒலித்த இடத்தில் நுனியை வைத்து அழுத்தினால், மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்க, நுனி உள்ளே இறங்கி, பழுப்பு நிறத் துகள் முகத்தில் கொட்டும். கண்ணை மூடிக்கொள்ளப் பழகுங்கள்.

குடாநாட்டில் துரு எங்கிருந்து வருகிறது என்பதை யோசித்தால், எந்த வானைத் தவிர்க்க வேண்டும் என்பது விளங்கும். சோளகம் வீசும் மாதங்களில் தீவுப் பகுதிக்குப் போகும் பண்ணைப் பாலத்துத் தெருவில் கடல்நீர்த் துமி குறுக்கே பறக்கும். ஊர்காவற்றுறை, புங்குடுதீவுப் பக்கம் நாளும் ஓடிய வானின் ஸ்பிறிங் தாங்கிகளிலும் பிறேக் குழாய்களிலும் அந்த உப்பு படிந்திருக்கும். ஓடிய தூரம் குறைவு என்பதற்காக அத்தகைய வானை எடுப்பதைவிட, கடலில்லாத வவுனியாப் பக்கம் இரண்டு மடங்கு தூரம் ஓடியதை எடுப்பது மேல் என்பது என் கருத்து.

இதை நான் அனுபவத்தில் கற்றேன். நான் முதலில் வாங்கிய வானின் வலதுபுறப் பின்ஸ்பிறிங் தாங்கியில், துருவை வெட்டாமல் அதன்மேல் மெல்லிய தகட்டை ஒட்டி, தார் பூசி மறைத்திருந்தார்கள். இயக்கச்சியைத் தாண்டும்போது அது பிய்ந்து, வண்டி ஒரு பக்கமாகச் சரிந்தது. வேகம் குறைவாக இருந்ததால் ஒருவருக்கும் காயமில்லை. அன்று முதல், தார் புதிதாகப் பூசிய அடிப்பகுதியைக் கண்டால் அதைச் சுரண்டிப் பார்க்காமல் நான் விலை பேசுவதில்லை.

துருவைத் திருத்தும்போது, பளபளக்கும் உலோகம் தெரியும்வரை வெட்டி எடுக்க வேண்டும். அங்கிருந்த தகட்டின் தடிப்புக்குக் குறையாத தகட்டை முழுச் சுற்றும் வெல்டிங் செய்து, துத்தநாகப் பிறைமர் பூசி, ஒட்டுகளில் சீலர் அடைக்க வேண்டும். வெல்டிங் தொடங்குமுன் பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்றுவதை மறக்க வேண்டாம். பெட்டி போன்ற உள்ளறைகளுக்குள் மெழுகு வகைத் துருத்தடுப்பைப் பீச்சுவதே சரி. எங்கள் ஊரில் பழைய எஞ்சின் எண்ணெயை அடிப்பவர்கள் பலர். அது றப்பர் புஷ்களை ஊதவைத்துக் கெடுப்பதோடு, மணலையும் பிடித்து வைத்திருக்கும்.

எஞ்சினும் தண்ணீரும்

1990களில், பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காத காலத்தில், போத்தலில் இருந்த சொட்டுப் பெற்றோலால் ஸ்ராட் செய்து, மண்ணெண்ணெயில் ஒஸ்ரின்களையும் மொறிஸ்களையும் ஓட்டியவர்களின் கைகள் இன்னமும் எங்கள் கராஜ்களில் இருக்கின்றன. எஞ்சினைப் பார்க்க அப்படியான ஒருவரை அழைத்துப் போங்கள். அவர் காதால் கண்டுபிடிப்பதை நாம் கருவியால் கண்டுபிடிக்க நேரமெடுக்கும்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய், உங்கள் முன்னால் முதல் ஸ்ராட் செய்யச் சொல்லுங்கள். சூடாக்கி வைத்துக் காட்டப்படும் டீசல் எஞ்சின் பல குறைகளை மறைக்கும். ஓடும்போது எண்ணெய் மூடியைத் திறந்து, துடிப்போடு புகை தள்ளுகிறதா என்று பாருங்கள். ரைமிங் பெல்ற் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு எழுத்தில் ஆதாரம் இல்லையென்றால், மாற்றப்படவில்லை என்றே கொண்டு, வாங்கிய கிழமையே மாற்றிவிடுங்கள். அது ஓட்டத்தில் அறுந்தால் வால்வுகள் பிஸ்ரனில் மோதி, தலைப்பகுதி முழுவதும் செலவாகும்.

ஆனால் யாழ்ப்பாணத்தில் டீசல் எஞ்சினைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர்தான். எங்கள் குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் கிடக்கிறது. கிணற்று நீரை நாளும் கொதிக்க வைக்கும் கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கு எல்லா வீட்டிலும் உண்டு. அதே பொருக்கு, கிணற்று நீர் ஊற்றிய றேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் எஞ்சின் தலையின் நீர்வழிகளிலும் படிகிறது. வெளியே தேய்த்துக் கழுவினால் றேடியேற்றர் புதிது போலத் தோன்றும்; உள்ளே பாதிக் குழாய் அடைபட்டிருக்கும். மட்டமான ஏ9 தெருவில் குறை தெரியாது. கண்டிப் பக்கத்து மலையேற்றம் தொடங்கியதும் வெப்பமானி முள் மேலே போகும், எஞ்சின் தலை வெடிக்கும். ஆகவே எஞ்சின் குளிர்ந்த நிலையில் மூடியைத் திறந்து, விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். வெள்ளையாகவோ செம்மண் நிறமாகவோ விரலில் ஒட்டினால், றேடியேற்றரைக் கழற்றி உள்ளீட்டைத் துப்புரவாக்குவது அல்லது மாற்றுவது, வானை வாங்கும் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டிய செலவு. அதன் பின்னர் காய்ச்சி வடித்த நீரும் கூலன்ரும் தவிர வேறெதையும் ஊற்ற வேண்டாம். அவசரத்துக்கு மழைநீர் பரவாயில்லை.

டொல்பினின் எஞ்சின் முன்னிருக்கைகளுக்குக் கீழே இருப்பதால், சூடு வீட்டுப் பகுதிக்குள்ளும் ஏறும். எஞ்சின் மூடியின் றப்பர் விளிம்பைப் புதிதாக்கி, உட்புறத்தில் வெப்பத்தடுப்புத் தாளை ஒட்டும் வேலையையும் இந்தக் கட்டத்திலேயே முடித்துவிடுங்கள்.

பாரம்

வானை வீடாக்கிப் பழுதாக்கியவர்களில் பெரும்பாலானோர் இந்தக் கட்டத்தைத் தாண்டிப் போனவர்கள்தான். ஜீஎம்சியைக் கட்டியவர்கள் அலுமினியச் சட்டத்தின் மேல் அலுமினியமும் பைபரும் போர்த்தினார்கள். எங்கள் ஆட்கள் டொல்பினுக்குள் தேக்கு அலுமாரி வைக்கிறார்கள்.

வேலை தொடங்குமுன், வெறும் வானை லொறி நிறுக்கும் இடத்துக்குக் கொண்டுபோய் மூன்று தரம் நிறுங்கள்: முழு வண்டி, முன்சக்கரங்கள் மட்டும், பின்சக்கரங்கள் மட்டும். வாகனத்தின் அனுமதிக்கப்பட்ட மொத்த நிறையிலிருந்து இதைக் கழித்தால் வருவதே உங்கள் மொத்தச் சொத்து. அதற்குள் ஆட்கள், தண்ணீர், கட்டில், பற்றரி, சமையற் சாமான் எல்லாம் அடங்க வேண்டும். ஒரு கொப்பியில் ஒவ்வொரு பொருளின் நிறையையும் எழுதிக்கொண்டே வாருங்கள். எட்டுக்கு நாலடி, 18 மில்லிமீற்றர்ப் பிளைவூட் தாள் ஒன்று 30 கிலோவைத் தாண்டும். 9 மில்லிமீற்றர் ஏறத்தாழ அதில் பாதி. சட்டம் சரியாக அமைந்தால் அலுமாரிக்கு 9 போதும். பனைமரச் சலாகை எங்கள் மண்ணின் அழகு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் அதன் வைரம் கனத்தது. விளிம்புக்கு ஒரு மெல்லிய பட்டியாக வையுங்கள், சட்டத்துக்கு வேண்டாம்.

எவ்வளவு பாரம் என்பதைப் போலவே எங்கே பாரம் என்பதும் முக்கியம். முன்பின் சக்கரங்களுக்கு இடையே 2.5 மீற்றர் என்று கொள்வோம். பின்னச்சுக்கு ஒரு மீற்றர் பின்னால், பின்கதவோரமாக, 60 லீற்றர்த் தண்ணீர்த் தொட்டி வைக்கிறீர்கள். அந்த 60 கிலோ, துலாவின் வால் போல இயங்கி, பின்சக்கரங்களில் 84 கிலோவை ஏற்றி, முன்சக்கரங்களிலிருந்து 24 கிலோவைத் தூக்கிவிடும். முன்சக்கரம் இலேசானால், ஆனையிறவில் பக்கக்காற்று அடிக்கும்போது ஸ்ரியரிங் கைக்குள் நிற்காது. மழையில் பிறேக்கும் முன்னால் வழுக்கும். அதே தொட்டியைச் சக்கரங்களுக்கு நடுவே தளத்தோடு வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. வான் பின்புறம் தாழ்ந்தவுடன் ஒரு ஸ்பிறிங் பட்டை கூடச் சேர்க்கச் சொல்வார்கள். முதலில் பாரத்தை முன்னுக்கு நகர்த்திப் பாருங்கள்.

ரயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கங்களையும் இப்போதே வாசியுங்கள். 3219 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 32ஆம் கிழமையில் செய்யப்பட்டது. பூ (ரயரின் மேற்பரப்பு வரிகள்) எவ்வளவு மிச்சம் இருந்தாலும், பக்கவாட்டில் மயிரிழை வெடிப்புள்ள ரயரில் வீட்டை ஏற்ற வேண்டாம்.

கூரை, சுவர், உள்ளமைப்பு

கூரை வெள்ளையாக இருக்க வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் கறுப்புக் கூரையில் கை வைக்க முடியாது; வெள்ளையில் வைக்கலாம். உள்ளே நீர் உறிஞ்சாத, மூடிய துளைகளுள்ள நுரைத்தாளைத் தகட்டோடு இடைவெளியின்றி ஒட்டுங்கள். பஞ்சு வகைகள் மார்கழி ஈரத்தைப் பிடித்து, நீங்கள் இவ்வளவு பாடுபட்டுத் திருத்திய தகட்டை உள்ளிருந்து தின்னும். கூரையில் காற்றை வெளியே தள்ளும் ஒரு மின்விசிறியும், எதிர்ப்பக்க யன்னலில் நுளம்பு வலையும் போட்டால், இரவில் காற்று தானாகவே குறுக்கே ஓடும்.

கட்டிலை நீளவாக்கில் வையுங்கள், ஏனெனில் குறுக்கே படுத்தால் வளர்ந்தவரின் கால் நீட்ட முடியாது. பாதுகாப்புப் பட்டியுடன் வந்த பயணி இருக்கைகளை அவற்றின் பழைய போல்ற் துளைகளிலேயே விட்டுவிட்டு, அவற்றைச் சுற்றி மற்றதைக் கட்டுங்கள். ஓடும் வண்டியில் கட்டிலில் ஒருவரும் இருக்கக் கூடாது.

மின்சாரம்

ஒரு நாளைய தேவையைக் கணக்கிடுவதிலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் வானில், சிறிய கொம்பிரசர்க் குளிர்ப்பெட்டி எங்கள் வெக்கையில் ஏறத்தாழ 450 வற் மணி எடுக்கும். 15 வற் விசிறிகள் இரண்டு பத்து மணித்தியாலம் ஓடினால் 300. விளக்குக்கும் தொலைபேசிக்கும் 100. மொத்தம் 850. 12.8 வோல்ற், 100 அம்பியர் மணி லிதியம் பொஸ்பேற் பற்றரியில் 1,280 வற் மணி உண்டு; அதில் பத்தில் எட்டுப் பங்கையே செலவழிப்பது என்று வைத்தால் ஏறத்தாழ 1,020. ஒரு நாளுக்குப் போதும். அதே அளவு ஈயப் பற்றரி இரண்டு மடங்குக்கு மேல் கனக்கும். பாதிக்குக் கீழே இறக்கவும் கூடாது.

200 வற் சூரியத் தகடு, நாளொன்றுக்கு நாலரை மணி நல்ல வெயிலும் கால்பங்கு இழப்பும் என்று கொண்டால், 675 தரும். 300 வற் என்றால் 1,010 வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதை நம்ப முடியாது. ஆகவே எஞ்சின் ஓடும்போது இரண்டாவது பற்றரிக்கு ஏற்றும் சாதனமொன்றும் வேண்டும்.

வயரில் மிச்சம் பிடிக்காதீர்கள். பற்றரியிலிருந்து ஐந்து மீற்றர் தூரத்திலுள்ள சாதனத்துக்கு, போக வர பத்து மீற்றர்ச் செம்பு வயர் செல்கிறது. 20 அம்பியர் ஓடினால், 6 சதுர மில்லிமீற்றர் வயரில் ஏறத்தாழ 0.6 வோல்ற் இழக்கப்படும். 10 சதுர மில்லிமீற்றரில் 0.35. வீட்டு 230 வோல்ற்றில் இது ஒன்றுமில்லை, 12 வோல்ற்றில் இது குளிர்ப்பெட்டியை நிறுத்தப் போதும். பற்றரியின் பொசிற்றிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் பியூஸ் இருக்க வேண்டும். தகட்டைத் துளைத்து வயர் போகும் இடமெல்லாம் றப்பர் வளையம் வேண்டும். ஓட்டத்தில் உரசி அறுந்த ஒரு வயர் வானையே எரித்துவிடும்.

தண்ணீரும் அடுப்பும்

பொருத்திய தொட்டியைவிட 20 லீற்றர்க் கான் இரண்டு நல்லது. தூக்கலாம், கழுவலாம், வெயிலில் காயவிடலாம். கிணற்று நீரால் குழாய் வாயில் வெள்ளை படிந்தால் தேசிக்காய்ப் பாதியால் தேய்த்து ஊறவிடுங்கள். எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே 2.3 கிலோச் சிலிண்டரை நிமிர்ந்த நிலையில், அடியில் வெளியே திறக்கும் துளையுள்ள பெட்டிக்குள் கட்டி வையுங்கள். சமையலை வண்டிக்கு வெளியே செய்வதே எங்கள் காலநிலைக்குப் பொருந்தும்.

பதிவும் காப்புறுதியும்

இருக்கைகளைக் குறைப்பதும் உடலமைப்பை மாற்றுவதும் பதிவுப் புத்தகத்தைத் தொடும் விடயங்கள். எதையும் கழற்றுமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எழுத்து மூலம் கேட்டு அனுமதி பெறுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் மாற்றத்தை எழுத்தில் அறிவியுங்கள். வருடாந்தப் புகைப் பரிசோதனைக்கு எஞ்சின் வேலை முடிந்த கையோடு போவது இலகு.

முதல் ஓட்டம்

எல்லாவற்றையும் ஏற்றி, தண்ணீர் நிரப்பி, ஆட்களையும் இருத்தி, அதே நிறுவைத் தட்டுக்கு மீண்டும் போங்கள். முன்னச்சின் நிறை வெறும் வானில் இருந்ததைவிடக் குறைந்திருந்தால், வேலை முடியவில்லை. பின்னால் உள்ளதை முன்னே கொண்டுவர வேண்டும். அது சரியானபின் காரைநகர் கசூரினாக் கடற்கரைக்கு ஓர் இரவு போய் வாருங்கள். கிட்டிய தூரம் என்பதால் ஏதும் பிழைத்தால் வீட்டிலிருந்து உதவி வரும். இரவில் எது இடிக்கிறது, எது ஒழுகுகிறது, எந்த விளக்கு கண்ணைக் குத்துகிறது என்பதெல்லாம் அங்கே தெரியவரும். திரும்பியதும் சக்கர நட்டுகளையும், கட்டில், அலுமாரி போல்ற்றுகளையும் ஒருமுறை இறுக்கிவிட்டு, பெற்றோல் செற்றுக்கோ சந்தைக்கோ போகுமுன், வானின் அடியை நல்ல தண்ணீரால் அரை மணித்தியாலம் கழுவுங்கள். சக்கர வளைவின் உள்மடிப்பில் கை விட்டு, ஒட்டியிருக்கும் கடற்கரை மணலைத் தோண்டி எடுங்கள். உப்பு அதற்குள்தான் இருக்கும்.